ஈசான மூலையில் எடுத்த பாலிகை மண்

என் பெயர் அரவிந்தவல்லி. வயது அறுபத்தெட்டு. ஸ்ரீரங்கம், தெற்குத் தோப்புத் தெரு, பதினான்காம் எண் வீட்டில் வசிக்கிறேன். அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் வேதியியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். மகன் பெங்களூரில் இருக்கிறான். என் அடுத்த வீட்டுக்காரர் திரு. சௌரிராஜன், மண் பரிசோதனை செய்யும் பொறியாளர் செல்வி ஜெஸ்லின் மீது கொடுத்த புகார் சம்பந்தமாக, காவல் உதவி ஆய்வாளர் திருமதி செல்வமேரி அவர்கள் முன்னிலையில் இதை என் கையாலேயே எழுதித் தருகிறேன். காகிதத்தைக் கொடுக்கும்போது அவர், "டீச்சர், நடந்ததை வரிசையா எழுதுங்க. பாடம் நடத்திடாதீங்க," என்றார். முயற்சி செய்கிறேன். நடுவில் ஓர் உதாரணம் வந்துவிட்டால் பழக்கதோஷம் என்று பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் என்னிடம் கேட்கப்பட்ட ஒரு கேள்வியைச் சொல்ல வேண்டும். இந்த வருஷம் ஆடி மாதத்தில் ஜெஸ்லின் முதன்முறையாக என் வீட்டுக்கு வந்தபோது, கிணற்றில் ஒரு வாளி இறைக்கச் சொல்லி, முகத்தை வாளிக்கு அருகே கொண்டுபோய் முகர்ந்துவிட்டு, நிமிர்ந்து, "இதுக்கு முன்னாடி யாராவது இதை மோந்து பாத்தாங்களா டீச்சர்?" என்று கேட்டாள். யாரும் பார்க்கவில்லை. கிணற்றுத் தண்ணீரில் எண்ணெய் வாடை வருகிறது என்று அதற்கு முந்தைய ஒரு வருஷத்துக்கும் மேலாக நான் மனுக்கள் கொடுத்திருந்தேன். வந்தவர்கள் எல்லோரும் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள், தூர்வாரச் சொன்னார்கள், ஒருவர், வயதானால் மூக்கு இப்படித்தான் ஏமாற்றும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனார். என் மூக்கை நம்பிய முதல் ஆள் அந்தப் பெண். அந்த நன்றி எனக்கு உண்டு. அதை மறைக்காமல் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். கீழே எழுதுவதை அதையும் கணக்கில் வைத்துக்கொண்டு படிக்கலாம்.

எங்கள் இரண்டு வீடுகளின் கொல்லைப்புறச் சுவரை ஒட்டி ஒரு பழைய பெட்ரோல் பங்க் இருந்தது. அது மூடிப் பல வருஷங்கள் ஆகின்றன. பூமிக்கு அடியில் இருந்த டீசல் தொட்டி துருப்பிடித்து ஒழுகி, மண் வழியாக ஊறி என் கிணற்றுக்கு வந்திருக்கிறது. இதைக் கண்டுபிடித்துச் சொன்னதும் ஜெஸ்லின்தான். அதன்பின் அதிகாரிகள் உத்தரவின் பேரில் தொட்டியை வெளியே எடுத்து, சுற்றியிருந்த மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்யும் வேலை புரட்டாசியில் தொடங்கியது. தோண்டும் வேலைக்கு மேற்பார்வையாளர் அஜித் என்பவர். தோண்டிய மண்ணைப் பரிசோதித்து, எது கெட்டது, எது நல்லது என்று பிரிக்கும் பொறுப்பு ஜெஸ்லினுடையது. கெட்ட மண் லாரியில் வெளியே போக வேண்டும். நல்ல மண் மறுபடி அதே குழியில் விழ வேண்டும். அந்தக் குழி என் கிணற்றிலிருந்து கூப்பிடு தூரம்கூட இல்லை.

அவள் பரிசோதித்த விதத்தை நான் தினமும் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஒரு குவியலில் மேலே, நடுவே, அடியில் என்று பல இடத்தில் மண் எடுத்து, கண்ணாடி ஜாடியில் பாதி நிரப்பி, வாயை அலுமினியத் தாளால் இறுக மூடி, வெயிலில் வைப்பாள். வெயில் என் கொல்லைச் சுவர்மேல்தான் நன்றாக விழும் என்பதால் ஜாடிகளை அங்கே வரிசையாக வைக்க நானே இடம் கொடுத்தேன். ஜாடி சூடானதும் தாளில் சிறு துளை போட்டு, மீட்டரின் குழாயை நுழைத்து, உள்ளே சேர்ந்திருக்கும் ஆவியை அளப்பாள். எட்டாம் வகுப்பில் யாராவது மதியத்துக்கு முன் டிபன் பாக்ஸைத் திறந்தால், பார்க்காமலே எலுமிச்சை சாதம் என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிடும். அதே கதைதான். பிறகு கொஞ்சம் மண்ணைத் தண்ணீரில் போட்டு, மேலே மயில் கழுத்து நிறத்தில் படலம் மிதக்கிறதா என்று பார்ப்பாள். இந்த இரண்டிலும் தேறிய மண்ணைத்தான் ஐஸ் பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்புவாள். அங்கும் தேறினால் குவியலில் வெள்ளைக் கொடி. தேறாவிட்டால் சிவப்புக் கொடி.

இரண்டு குவியல்களும் பக்கம் பக்கமாக இருந்தன. தரை சிவப்புக் குவியலின் பக்கம் சற்று மேடு. அதனால் மழை பெய்தால் அந்தப் பக்கத்துத் தண்ணீர் வெள்ளைக் குவியலுக்கு வராதபடி, நடுவில் ஒரு நீல நிற பிளாஸ்டிக் ஷீட்டை மடித்து, மணல் மூட்டைகளை வைத்து, முழங்கால் உயரத்துக்கு வரப்பு மாதிரி கட்டியிருந்தாள். லாரிக்காரர்கள் ஷீட்டுகளைக் கொண்டுபோய்விடுகிறார்கள் என்று தன் ஷீட்டுகளின் மூலையில் எல்லாம் சிவப்புப் பெயிண்டால் ஒரு பெருக்கல் குறி போட்டிருந்தாள். இந்தக் குறியை நினைவில் வைத்துக்கொள்ளக் கேட்டுக்கொள்கிறேன்.

இனி பாலிகை விஷயம். சௌரிராஜனின் மகள் மைத்ரேயிக்கு இந்த ஐப்பசியில் கல்யாணம். உதவி ஆய்வாளர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர் என்பதால் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முன் ஐந்து சிறு மண்பாத்திரங்களில் மண் நிரப்பி, பாலில் ஊறவைத்த நெல், உளுந்து, எள், பயறு, கடுகு முதலிய விதைகளைச் சுமங்கலிகள் தெளிப்பார்கள். அதற்குப் பாலிகை என்று பெயர். விதை முளைத்து வருவது மணமக்களின் வாழ்வு தழைப்பதற்கு அடையாளம். பலர் இப்போது கல்யாணத்தன்று காலையில் தெளிப்பதோடு சரி. சௌரிராஜன் வீட்டில் பழைய வழக்கப்படி பல நாள் முன்னதாகவே தெளித்து, முளை வந்ததைப் பார்த்த பிறகுதான் மற்ற காரியங்களைத் தொடங்குவார்கள். அதற்கான மண்ணையும் சும்மா அள்ளிவிட மாட்டார்கள். பூமியைப் பூஜித்து, சுத்தமான இடத்தில், ஈசான மூலையில், அதாவது வடகிழக்கு மூலையில் எடுக்க வேண்டும்.

வழக்கமாக அது காவேரிக் கரை மண். இந்த ஐப்பசியில் இரு கரையும் தொட்டு வெள்ளம் போனதால் படித்துறைப் பக்கம் யாரையும் விடவில்லை. கொள்ளிடத்திலும் அப்படியே. சௌரிராஜன் இரண்டு நாள் யோசித்துவிட்டு ஒரு புதன்கிழமை மாலை சுவரருகே வந்து நின்றார். நான் ஜாடிகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னிடம், "மாமி, யோசிச்சுப் பாருங்கோ. பத்தடி ஆழத்து மண். பிறந்ததுலேர்ந்து ஒருத்தர் கால் படாத மண். இதைவிட ஆசாரமா எங்கே கிடைக்கும்?" என்றார். அதன்பின் வெள்ளைக் குவியலைக் காட்டி ஜெஸ்லினிடம் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். அவள் சொன்ன பதிலை நான் என் காதால் கேட்டேன். "தாராளமா எடுத்துக்கோங்க சார். ஆனா உச்சியிலயோ நடுவிலயோ எடுங்க. ஓரத்துல மட்டும் கை வைக்காதீங்க," என்றாள். சௌரிராஜன் தலையாட்டினார். புகாரில் முதல் வாக்கியம் மட்டும்தான் இருக்கிறது. இரண்டாவது வாக்கியம் அவர் மனதில் பதியவே இல்லை என்று நம்புகிறேன். மகள் கல்யாண வேலையில் இருக்கும் தகப்பனுக்குப் பாதிப் பேச்சுதான் காதில் ஏறும்.

அன்று மாலையே தூறல் தொடங்கியது. சௌரிராஜன் வீட்டுக் கொல்லையில் சீர் பட்சணம் செய்யக் கொட்டகை போட்டிருந்தார்கள். தளிகைக்காரர் லக்ஷ்மிகாந்த், கொதிக்கிற எண்ணெயில் ஒரு சொட்டு மழை விழுந்தாலும் தன் முகம் முறுக்கு மாதிரி ஆகிவிடும் என்று கூரையைக் காட்டிக் கத்திக்கொண்டிருந்தார். இது என் வீட்டுக்குள் கேட்டது. நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன். ஜெஸ்லின் அதற்குள் கிளம்பிப் போயிருந்தாள். இரவு முழுதும் நல்ல மழை.

வியாழன் காலை மழை விட்டிருந்தது. நல்ல நேரம் பார்த்து சௌரிராஜனும் வாத்தியாரும் மூன்று சுமங்கலிகளும் போய், மந்திரம் சொல்லி, பூவும் அட்சதையும் போட்டு, வெள்ளைக் குவியலின் வடகிழக்கு ஓரத்தில், அடிவாரத்தில், மண் எடுத்தார்கள். நானும் கூட இருந்தேன். பக்கத்தில் கற்பூரமும் ஊதுபத்தியும் சந்தனமும் இருந்ததால் எங்கள் யாருக்கும் வேறு வாசனை தெரியவில்லை. வேதியியல் படித்த எனக்கும் தெரியவில்லை. அன்றே பாலிகை தெளித்தார்கள். மழையால் தோண்டும் வேலை நிறுத்தப்பட்டதால் ஜெஸ்லின் அந்த வாரம் மறுபடி வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மைத்ரேயி என் வீட்டுக்குப் பின்கட்டு வழியாக வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. "மாமி, அஞ்சு பாலிகைல ஒண்ணுகூட முளைக்கலை. கடுகுகூட. நான் ஏதாவது தப்புப் பண்ணிட்டேனா?" என்று கேட்டாள். அவள் ஒரு வங்கியில் அதிகாரி. ஆயிரம் பேருக்குப் பதில் சொல்கிறவள். அன்று அவள் கையில் மருதாணிக்காக வாங்கிய கூம்பு ஒன்று பிரிக்காமல் இருந்தது, அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளோடு போய்ப் பார்த்தேன். பயறு ஊதிப்போய்க் கறுத்திருந்தது. நெல் அப்படியே கிடந்தது. அதற்குள் அவளுடைய அத்தை ஒருவர், பிள்ளை வீட்டாருக்குச் சொல்லிவிடுவதுதான் முறை என்று கூடத்தில் சொல்லிக்கொண்டிருந்தார். மைத்ரேயி அதைக் கேட்டும் கேட்காதது போல் பாத்திரங்களுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

சௌரிராஜன் ஒரு பாத்திரத்தைக் கையில் எடுத்து, மண்ணைக் கிளறி முகர்ந்தார். பிறகு என்னிடம் நீட்டினார். ஐயமே இல்லை, டீசல். அவருக்கு அதற்கு முன் அவ்வளவு கோபம் வந்து நான் பார்த்ததில்லை. "அந்தப் பொண்ணு வெள்ளைக் கொடி நட்டுட்டுப் பொய் சொல்லியிருக்கா மாமி! இந்த மண்ணைத்தான் உங்க கிணத்துப் பக்கத்துல கொட்டப் போறா," என்றார். லாரி நடையை மிச்சப்படுத்தத் தோண்டுகிறவர்களோடு சேர்ந்துகொண்டு கெட்ட மண்ணை நல்ல மண் என்று சொல்லிவிட்டாள் என்று அன்று மதியமே புகார் எழுதிக் கொடுத்தார். என் கிணற்றுக்காகவும்தான் கொடுத்தார் என்பதை இங்கே பதிவு செய்கிறேன். திங்கட்கிழமை ஜெஸ்லினை நிலையத்துக்கு அழைத்து விசாரித்தார்கள். விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று அவளுடைய நிறுவனம் சொல்லிவிட்டது. வழக்குப் பதிவானால் எந்த இடத்திலும் அவளை மண்ணைத் தொட விடமாட்டார்கள்.

அவள் எனக்கு போன் செய்தாள். அழவில்லை. "டீச்சர், அந்தக் குவியல் மூணு தடவையும் தேறுச்சு. எனக்கே புரியல. நீங்க மட்டும் தண்ணிய வாயில வச்சிடாதீங்க," என்றாள். தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு என் தண்ணீரைப் பற்றிப் பேசினாள்.

எனக்கும் புரியவில்லை. புரியாதபோது வகுப்பில் என்ன செய்வேனோ அதைச் செய்தேன். என்னிடம் மீட்டர் இல்லை. பச்சைப் பயறு இருந்தது. அஜித்திடம் அனுமதி கேட்டுக்கொண்டு, கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளைக் குவியலின் உச்சியிலிருந்து ஒரு கிண்ணம், நடுவைத் தோண்டி ஒரு கிண்ணம், பாலிகைக்கு எடுத்த வடகிழக்கு ஓரத்திலிருந்து ஒரு கிண்ணம், சிவப்புக் குவியலிலிருந்து ஒரு கிண்ணம், என் மாடித் துளசித் தொட்டியிலிருந்து ஒரு கிண்ணம் என்று மண் எடுத்தேன். எல்லாவற்றிலும் ஒரே மூட்டைப் பயறு, ஒரே அளவு நல்ல தண்ணீர், ஒரே ஜன்னல். ஊறுகாய் ஜாடியில் உப்புப் பார்க்கும்போது மேலாகத் தொட்டு நக்கிவிட்டுச் சரி என்று சொல்ல மாட்டோம். கிளறி, அடியில் உள்ளதையும் பார்ப்போம். அது போலத்தான்.

புதன்கிழமை காலை பார்த்தபோது, துளசித் தொட்டி மண்ணில் முளை வந்திருந்தது. வெள்ளைக் குவியலின் உச்சி மண்ணிலும் நடு மண்ணிலும் அதே மாதிரி வெள்ளை வேரோடு முளை வந்திருந்தது. சிவப்புக் குவியல் மண்ணில் ஒன்றும் இல்லை. வடகிழக்கு ஓரத்து மண்ணிலும் ஒன்றும் இல்லை. ஆகவே ஜெஸ்லின் சொன்னது பொய் இல்லை. பாலிகை சொன்னதும் பொய் இல்லை. அவள் பார்த்தபோது நன்றாக இருந்த குவியலின் ஒரு ஓரம் மட்டும், அவள் பார்த்த பிறகு கெட்டிருக்கிறது.

அதன்பின் நான் குடையை ஊன்றிக்கொண்டு இரண்டு குவியல்களுக்கும் நடுவே போய் நின்று பார்த்தேன். சிவப்புக் குவியலிலிருந்து வெள்ளைக் குவியலின் வடகிழக்கு அடிவாரத்துக்குத் தண்ணீர் ஓடிய தடம் தெரிந்தது. தேங்கியிருந்த இடத்தில் மயில் கழுத்து நிறம் இருந்தது. மணல் மூட்டைகள் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டிருந்தன. நீல ஷீட்டைக் காணவில்லை.

நான் அங்கேயே நின்று அஜித்தைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவர் முகத்தில் ஒளிவு மறைவு இல்லை. "அந்த ஷீட்டா டீச்சரம்மா? புதன்கிழமை சாயந்திரம் மாமா வந்து, கொட்டகை ஒழுவுது, ஒரு ஷீட்டு இருந்தா குடுப்பான்னாரு. கல்யாண வீடு. எப்படி இல்லன்னு சொல்றது? சும்மா நிக்கிறதுதானேன்னு உருவிக் குடுத்தேன். தூறல்தானே, காலையில வாங்கிக்கலாம்னு நினைச்சேன்," என்றார். அப்புறம் சிவப்புக் குவியலையும் வெள்ளைக் குவியலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

நான் நேரே சௌரிராஜன் வீட்டுக் கொல்லைக்குப் போனேன். லக்ஷ்மிகாந்த் அடுப்பில் இல்லாமல் வெளியே முக்காலியில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வாங்கோ டீச்சர் மாமி. நீங்களே சொல்லுங்கோ. வெயில் ஏறினா என் கொட்டகைல சத்திரம் பஸ் ஸ்டாண்ட் வாசனை வரது. எண்ணெயைக் கொட்டிட்டு வேற எண்ணெய் வச்சேன். அப்பவும் வரது. மாமா என்னடான்னா என் மூக்குல கோளாறுங்கறார்," என்றார். மூக்கைப் பற்றி அப்படிச் சொல்லப்பட்ட இன்னொருவரைப் பார்த்ததில் எனக்கு ஒரு கணம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நிமிர்ந்து பார்த்தேன். கூரைமேல் நீல ஷீட். மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி. சிவப்புக் குவியலை ஒட்டிக் கிடந்ததில் அதில் டீசல் ஏறியிருந்தது.

சௌரிராஜன் வந்தார். நான் கையை நீட்டிக் குறியைக் காட்டினேன். அவர் ஷீட்டைப் பார்த்தார். அதன்பின் சுவருக்கு அந்தப் பக்கம் குவியல்களைப் பார்த்தார். நான் கிண்ணங்களைப் பற்றிச் சொன்னேன். ஓரத்தில் கை வைக்க வேண்டாம் என்று அவள் சொன்னதையும் நினைவுபடுத்தினேன். "நானே போய் ஷீட்டைக் கேட்டு வாங்கிண்டு வந்தேன் மாமி. எங்காத்துக் கொட்டகைக்கு. அப்புறம் நானே போய் அவமேல புகாரும் எழுதிக் கொடுத்தேன்," என்றார். லக்ஷ்மிகாந்திடம், அந்தக் கூரைக்குக் கீழே செய்த பட்சணம் ஒன்றையும் யார் வாயிலும் வைக்கக் கூடாது, எல்லாம் புதிதாகச் செய்ய வேண்டும் என்றார். லக்ஷ்மிகாந்த் என்னைப் பார்த்து, தன் மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

அன்று மாலையே சௌரிராஜன் கல்யாணப் பத்திரிகை, வெற்றிலை பாக்கு, பழம், குங்குமச் சிமிழ் எல்லாம் தட்டில் எடுத்துக்கொண்டு, என்னையும் துணைக்கு அழைத்துக்கொண்டு, ஆட்டோவில் மேலப்புதூருக்குப் போனார். கதவைத் திறந்தவர் ஜெஸ்லினின் தாயார் லூர்துராணி. ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்ப்பவர். எங்களையும் தட்டையும் பார்த்துவிட்டு, "போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டீங்க. இப்ப கல்யாணத்துக்குக் கூப்பிட வந்திருக்கீங்களா?" என்று கேட்டார். சௌரிராஜன் வாசலிலேயே நின்று, நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும்படியாக ஒரு வார்த்தையும் சேர்க்கவில்லை. ஜெஸ்லின் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முடித்ததும் வெளியே வந்து முதலில் கேட்டது, "ஓரத்துல எவ்வளவு தூரம் ஊறியிருக்கு டீச்சர்? அளந்தீங்களா?" என்பது. அளக்கவில்லை என்றேன். "நிறுவனத்துல கேட்டுட்டு நாளைக்கு வந்து அளக்கறேன்," என்றாள். லூர்துராணி அதன்பின்தான், "உள்ள வந்து உக்காருங்க, காப்பி போடறேன்," என்றார். சௌரிராஜன் வெளியிடத்தில் தண்ணீர்கூடக் குடிக்காதவர். அன்று குடித்தார். காப்பி நன்றாக இருந்தது என்று ஆட்டோவில் திரும்பும்போது இரண்டு தடவை சொன்னார்.

மறுநாள் வியாழக்கிழமை, சௌரிராஜன் நிலையத்தில் நடந்ததைச் சொல்ல, உதவி ஆய்வாளர் சொன்னதன் பேரில் நிறுவனம் அனுமதித்து, ஜெஸ்லின் வந்தாள். ஓரத்து மண்ணை அடுக்கடுக்காக எடுத்து மறுபடியும் ஜாடிகளில் போட்டு என் சுவர்மேல் வைத்தாள். வடகிழக்கு அடிவாரத்தில் ஒரு பட்டை அளவு மண் மட்டுமே கெட்டிருந்தது. அதை வெட்டி சிவப்புக் குவியலில் சேர்க்கச் செய்தாள். மீதி எல்லாம் முன்பு சொன்னபடியே நல்ல மண். அஜித், தானே நின்று இரண்டு வரிசையாக மூட்டை அடுக்கி, புது ஷீட் கட்டினார். அதில் அவரே சிவப்புப் பெருக்கல் குறி போட்டார், கொஞ்சம் பெரிதாகவே.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். குழியை மூடும் வேலை அடுத்த திங்கட்கிழமை தொடங்க இருந்தது. ஏற்கெனவே தேறிய குவியலை மறுபடி யாரும் சோதிக்கப் போவதில்லை. வடகிழக்கு ஓரம்தான் குழிக்குப் பக்கம். முதலில் அதைத்தான் அள்ளிப் போட்டிருப்பார்கள். அந்தப் பாலிகைகள் முளைத்திருந்தால், டீசல் மறுபடி என் கிணற்றோரம் போய்ச் சேர்ந்திருக்கும், எங்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. இதை நான் மைத்ரேயியிடம் சொன்னேன். அபசகுனம் என்று பேசிய அவளுடைய அத்தை முன்னிலையிலேயே சொன்னேன். "உன் பாலிகை முளைக்காமலிருந்து இந்தத் தெருத் தண்ணியைக் காப்பாத்தியிருக்குடி. இதைவிட என்ன மங்களம் வேணும்?" என்றேன். அத்தை, "அப்படிப் பார்த்தா சரிதான்," என்று சொல்லிவிட்டுத் தேங்காய் எண்ணப் போய்விட்டார். மைத்ரேயி அந்த ஐந்து பாத்திரங்களையும் தூக்கி எறிய விடவில்லை. அவற்றின் மண்ணை அவளே கொண்டுபோய் சிவப்புக் குவியலில் சேர்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்றே மறுபடி பாலிகை தெளித்தார்கள். வாத்தியார் வேறு இடத்து மண் எடுக்கலாம் என்றார். சௌரிராஜன் கேட்கவில்லை. அதே வெள்ளைக் குவியலில்தான் எடுக்க வேண்டும், ஜெஸ்லின் காட்டுகிற இடத்தில்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டார். அவள் குவியலின் நடுவைக் காட்டினாள். வாத்தியார் சற்று யோசித்து, அந்த நடுவிலேயே வடகிழக்குப் பார்த்து உட்கார்ந்து எடுத்தால் போதும் என்றார். எல்லோருக்கும் திருப்தி. சுமங்கலிகள் விதை தெளித்து முடித்ததும் மைத்ரேயி, ஜெஸ்லினையும் ஒரு கை தெளிக்கச் சொன்னாள். கல்யாணம் ஆகாதவள் தெளிக்கலாமா என்று யாரோ கேட்க, சௌரிராஜன், "மண்ணே அவ கொடுத்தது," என்றார். ஜெஸ்லின் ஒரு கை தெளித்தாள்.

இன்று சனிக்கிழமை. நிலையத்துக்குப் புறப்படும் முன் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். ஐந்திலும் கடுகு முளைத்திருக்கிறது. பயறு முட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நெல்லுக்கு இன்னும் நாளாகும். என் கிணற்றுத் தண்ணீர் சரியாக இன்னும் மாதங்கள் ஆகும் என்று ஜெஸ்லின் சொல்லியிருக்கிறாள். காத்திருப்பேன். சௌரிராஜன் தன் புகாரைத் திரும்பப் பெறுவதாக எழுதிக்கொண்டு என் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். அவர் மீதும், கேட்டவருக்கு இல்லை என்று சொல்லத் தெரியாத அஜித் மீதும் நடவடிக்கை எதுவும் வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். செல்வி ஜெஸ்லின் தன் பணியில் எந்தப் பொய்யும் செய்யவில்லை. அவள் பெயரில் இதனால் ஒரு சிறு குறிப்புகூட எங்கும் இருக்கக் கூடாது என்பதே என் வேண்டுகோள். எங்கள் தெரு அவளுக்குக் கடமைப்பட்டிருக்கிறது.

மேலே எழுதியவை நான் கண்டவை, காதால் கேட்டவை, என் கையால் செய்து பார்த்தவை. மற்றவர் சொல்லித் தெரிந்ததை அவர் சொன்னதாகவே எழுதியிருக்கிறேன். ஒருமுறை முழுதும் படித்துப் பார்த்து, உண்மை என்று உணர்ந்து கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) அரவிந்தவல்லி
ஸ்ரீரங்கம்

பாடம் நடத்தக் கூடாது என்று சொன்னதால் நடத்தவில்லை. இதைப் படிப்பவர் ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: உங்கள் கிணறு அல்லது குழாய்க்குப் பக்கத்து மண்ணில் ஒரு கிண்ணம் எடுத்து, ஊறவைத்த பச்சைப் பயறு பத்துப் போட்டு, ஜன்னலோரம் வைத்து, மூன்றாம் நாள் காலையில் போய்ப் பாருங்கள்.